நடுவில் ஒரு ஆள் இடம்

சின்னையா காலையில் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தலைவர் வந்துட்டாரா?" என்பதுதான்.

ஆரம்பத்தில் வள்ளிக்கண்ணு உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள். தலைவர் செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது என்றாள். அதைக் கேட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அதே கேள்வி. சொன்னால் அதே அழுகை. தினமும் அவருக்குத் தலைவர் புதுசாகச் சாக வேண்டியிருந்தது. அதனால் இப்போதெல்லாம், "இன்னும் வரலைங்க. வழியில இருக்காங்களாம்" என்று சொல்லிவிடுகிறாள்.

"சரிங்கம்மா. வந்தா எழுப்புங்க. அசந்துட்டேன்னு விட்டுறாதீங்க."

அந்த 'ங்க'தான் அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "முசிறிக்காரி" என்பார். எழுபத்து நாலு வயசில் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. மரியாதை வந்த அன்றைக்கே புருஷன் போய்விட்டான்.

பாய்லர் கம்பெனியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் சின்னதாக ஒரு வீடு கட்டி, கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காத ஆளாகவே வாழ்ந்தவர். ஒன்றரை வருஷமாக மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஞாபகம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பென்ஷன் போனது, கம்பெனி போனது, மகள் போனாள், வீடு போனது. கடைசியில் ஒரே ஒரு சாயங்காலம் மிச்சமிருந்தது. அது அந்த மாநாட்டுச் சாயங்காலம்.

ஆட்சியை இழந்து, அடிபட்டு, பாதிப் பேர் ஜெயிலுக்குப் போய் வந்து, இனி இந்தக் கட்சி எழுந்திருக்காது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது திருச்சியில் கூடிய மாநாடு அது. அதற்குப் பிறகுதான் கட்சி எழுந்தது. திருச்சியில் அந்த வயசுக் கட்சிக்காரர் யாரைக் கேட்டாலும், "நான் அந்த மாநாட்டுல இருந்தேன்" என்பார். இருந்ததாகச் சொல்கிறவர்களையெல்லாம் கூட்டி நிறுத்தினால் திடல் கொள்ளாது, பாதிப் பேர் காவிரிக்குள் நின்றிருக்க வேண்டும். அந்த மாநாட்டு மேடையில் தலைவர் தலைமையில் கட்சிக்காரர்கள் சில பேருக்குக் கல்யாணம் நடந்தது. ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது. மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி சொன்னால் முடிந்தது. வையம்பட்டி சின்னையாவுக்கும் முசிறி வள்ளிக்கண்ணுவுக்கும் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. சாதி வேறு என்று முறுக்கிக்கொண்டிருந்த அவள் அப்பா, தலைவர் கையால் நடந்தால் ஊரில் எவனும் கேட்க மாட்டான் என்பதற்காகத்தான் சம்மதித்தார்.

சின்னையா இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால். மாப்பிள்ளையாக.

மாப்பிள்ளையை யாரோ ஒரு கிழவி வந்து தொட்டால் விடுவானா? சட்டைப் பித்தானைக் கழற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார். "என்னம்மா இது, நாளைக்கு வாழப்போறவன். யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று துண்டை எடுத்து மார்பில் போர்த்திக்கொள்வார். நனைந்த வேட்டியோடு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தானே குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார். இன்னொரு நாள் மாநாட்டுத் திடலுக்கு வழி கேட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவில் நடந்தவரை ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். ஆம்பளை ஆள் ஒருத்தனை வைத்துப் பார்த்தார்கள். எதிர்க்கட்சி ஆள் உளவு பார்க்க வந்திருக்கிறான் என்று அவன்மேல் செம்பை விட்டெறிந்தார். அவன் அன்றைக்கே போய்விட்டான்.

ஓசூரிலிருந்து வந்த மகள் வெற்றிச்செல்வி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, தொடவே விட மாட்டேங்குறாரு. உனக்கே முட்டி வலி. எப்படிம்மா பாப்ப? கே.கே. நகர்ல ஒரு ஹோம் பாத்துப் பேசிட்டேன். டாக்டர் வராரு, ஆளுங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன்."

"நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சுட்டா?"

செல்வி அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தெரிஞ்சுட்டா இங்கயே இருக்கட்டும்மா. எனக்கு மட்டும் அப்பாவைக் கொண்டுபோய் விடணும்னு ஆசையா?" என்றாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு அவளைத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் வள்ளிக்கண்ணு நினைத்தாள். எந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறதோ அந்த நாளைப் பற்றியே பேசுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்தாலும் வருவார் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அவர் நிற்பது அவர்களுடைய கல்யாண நாளில். அவளும் அதே நாளில்தானே இருக்கிறாள்? இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். மேடை வந்துவிடும், மாலை வந்துவிடும், அவள் வந்துவிடுவாள்.

அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் சொல்லத் தொடங்கினாள். வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. "தலைவர் மாலையை எடுத்து என் கையில குடுத்தாருங்க. குடுத்துட்டு, 'முசிறிப் பொண்ணா? அப்ப வாழைப்பழம் கொண்டாரலையா?'ன்னு கேட்டாரு. மேடையே சிரிச்சுச்சு. நீங்ககூடச் சிரிச்சீங்க. மாலை ஈரமா சில்லுனு கழுத்துல பட்டுச்சு. ஞாபகம் இருக்குதுங்களா?"

சின்னையா பொறுமையாகக் கேட்டார். பிறகு பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"தலைவர்தான் இன்னும் வரவே இல்லைங்களேம்மா. அப்புறம் எப்படி மாலை குடுப்பாரு?"

தான் ஒருத்தி சொன்னால் எடுபடவில்லை, கூட இருந்து பார்த்தவர்கள் சொன்னால் எடுபடும் என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்தவர்களுக்குப் பஞ்சமா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த சகாயநாதன் இருக்கிறார். முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அழகிரி இருக்கிறார். இரண்டு பேரும் சின்னையாவோடு போஸ்டர் ஒட்டித் திரிந்தவர்கள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்தக் கல்யாணக் கதையைத்தான் எடுப்பார்கள். செல்விக்கு அது மனப்பாடம்.

போன் செய்ததும் வெள்ளிக்கிழமை பிற்பகலே வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் கரை வேட்டி. சகாயநாதன் கையில் மிக்சர் பொட்டலம். அழகிரி ஒரு சீப்புப் பூவன் பழம் கொண்டுவந்திருந்தார்.

சின்னையா தலை வாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சகாயநாதனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்கய்யா. சகாயத்தோட அப்பாதானே? பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. அதே மூக்கு."

அழகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பன் செத்தே ரொம்ப நாளாச்சு" என்று சகாயநாதன் முணுமுணுத்தார். வள்ளிக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணால் கெஞ்சினாள்.

"ஆமா தம்பி, அவன் அப்பன்தான்" என்று சகாயநாதன் உட்கார்ந்தார்.

"இவங்க?"

"நான் அழகிரியோட... பெரியப்பா" என்றார் அழகிரி.

"முசிறியிலேர்ந்தா? பஸ் கிடைச்சுதா? எல்லா பஸ்ஸையும் மாநாட்டுக்கு எடுத்துட்டாங்களே."

வள்ளிக்கண்ணு டம்ளர்களில் டீயைக் கொண்டுவந்து வைத்து, "அந்தக் கல்யாணத்தைப் பத்திச் சொல்லுங்கண்ணே. நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்றாள்.

சகாயநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடைப் பேச்சு மாதிரியே ஆரம்பித்தார். "அன்னிக்கு என்னா மழை! கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஒரு ஆள் நகரலையே. தலைவர் குடை வேணாம்னுட்டாரு. நனைஞ்சுக்கிட்டே மாலையை எடுத்து..."

"மழையா?" அழகிரி டம்ளரைக் கீழே வைத்தார். "யோவ், சுள்ளுனு வெயிலு. மத்தியானம்யா. தலைவர் மேல்துண்டால வேர்வையைத் துடைச்சுக்கிட்டே..."

"நீ மதுரையைச் சொல்ற."

"மதுரைக்கு நான் போகவே இல்லையே."

"அப்ப திண்டுக்கல்."

"உனக்கு வயசாயிருச்சு, சகாயம். நான் மேடை ஓரத்துல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அண்ணி கட்டியிருந்தது பச்சைப் புடவை."

"செவப்பு."

இரண்டு பேரும் வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவளுக்கு அது எப்போதும் கறுப்பு வெள்ளையில்தான் ஞாபகம் வந்தது.

சின்னையா சிரித்தார். சின்னப்பிள்ளைகள் சண்டையைப் பார்க்கிற சிரிப்பு. "பெரியவங்க ரெண்டு பேரும் எதையோ போட்டுக் குழப்பிக்கிறீங்க. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வானம் மூடிக்கிட்டு இருக்கு, பேயத்தான் மாட்டேங்குது. ஒரே புழுக்கம். மைக்குக்காரன் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுறான். தலைவர் கார் வழியில எங்கயோ நின்னுபோச்சாம். மாவட்டச் செயலாளர் வந்து வந்து மைக்கைப் பிடிச்சு, 'இதோ வந்துக்கிட்டிருக்கிறார்'ங்கிறாரு. சனம் கொஞ்சம் கொஞ்சமாக் கலையுது."

"இல்லை தம்பி, தலைவர் வந்தாரு" என்றார் சகாயநாதன். "என் மகன்... சகாயம் மேடைக்குக் கீழ நின்னு ரெண்டு கண்ணாலயும் பாத்தான்."

"அவன் எங்க பாத்தான்?" சின்னையா குரலைத் தாழ்த்தினார். "உங்க கிட்ட சொல்லக் கூடாது. கொஞ்சம் போட்டுட்டான். சமையல் பந்தலுக்குப் பின்னால மல்லாந்து கிடக்கான். திட்டாதீங்க, நாலு நாளாப் பந்தக்கால் தூக்கின அலுப்பு. இருட்டுல எவனும் மிதிச்சுறக் கூடாதேன்னு நான்தான் அவனைச் சுத்தி பெஞ்சை இழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்."

சகாயநாதன் கையிலிருந்த மிக்சர் கையிலேயே நின்றது.

"பெஞ்சா?" என்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "காலையில முழிச்சுப் பாத்தேன். என்னைச் சுத்தி பெஞ்சு இருந்துச்சு. கோழியைக் கூடையில போட்டுக் கவுத்த மாதிரி. எவன் போட்டான், எதுக்குப் போட்டான்னு எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது."

அழகிரி கெக்கலித்தார். "அப்ப நீ பாக்கலை! இவ்வளவு நாளும் விட்ட கதை எல்லாம் புளுகு!"

"நான் புளுகலைடா. எனக்கு மழை ஞாபகம் இருக்கு."

"அழகிரி பாத்திருப்பானே தம்பி?" என்று அழகிரி சின்னையா பக்கம் திரும்பினார். சாட்சிக் கூண்டில் ஏறுகிற தெம்பு அவர் குரலில் இருந்தது.

"அந்தப் பயலை ஏன் கேக்குறீங்க. வரவே இல்லை. பொண்டாட்டிக்கு இடுப்பு வலியாம். ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறான். அவன் இல்லாம எனக்கு என்ன கல்யாணம்னு கோவமா வருது. சரி, புள்ளை பொறக்குற நேரம், என்ன பண்ணுவான்."

"என் பெரியவன் மாநாடு முடிஞ்சப்புறம்தானே..." என்று தொடங்கிய அழகிரி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஏய், பெரியவன் பொறந்தப்ப நான் எங்கடி இருந்தேன்?"

"எங்க இருந்தீங்க? ஆஸ்பத்திரி வாசல்ல பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க" என்றது அவர் மனைவியின் குரல். "மாநாட்டுக்குப் போக முடியாமப் போச்சுன்னு எங்கம்மாகிட்ட மல்லுக்கு நின்னீங்களே. புள்ளை மூஞ்சியைக்கூட மறுநாள்தான் பாத்தீங்க. ஏன், இப்ப எதுக்கு அது?"

அழகிரி போனை அணைத்தார். பழச்சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணி, எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் இருக்கு. இந்தக் கையில அறுத்த எரிச்சல் இருக்கு. அப்ப நான் எந்தக் கயித்தைப் பிடிச்சேன்?" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வள்ளிக்கண்ணுவுக்கு அவர்மேல் பரிதாபப்பட நேரமில்லை. வெள்ளிக்கிழமை போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, நடுக்கூடத்துச் சுவரிலிருந்து கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள். முந்தானையால் தூசியைத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். நடுவில் தலைவர், இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண். தலைவர் கையில் மாலை. இதைவிட வேறென்ன வேண்டும்?

"பாருங்க. இது நீங்க. இது தலைவர். இது நான்."

சின்னையா போட்டோவை வெளிச்சத்துக்குத் திருப்பினார். காலமெல்லாம் இரும்பையும் இரும்பையும் ஒட்டிய ஆள். வெல்டிங் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, விரல் நகத்தால் கண்ணாடிமேல் கோடு இழுத்தார்.

"ஒட்டு" என்றார்.

"என்னது?"

"ஒட்டு வேலைம்மா. சிங்காரத்தோப்பு ஸ்டுடியோவுல செய்வாங்க. தலைவரை வேற படத்துலேர்ந்து வெட்டி வச்சிருக்கான். தோள்கிட்ட ஓரம் தெரியுது பாருங்க. அவருக்கு நிழல் அந்தப் பக்கம் விழுது, இவங்களுக்கு இந்தப் பக்கம். நல்லாத்தான் செஞ்சிருக்கான், கைதான் சரியில்லை. மாலையைப் பிடிக்காம அந்தரத்துல நிக்குது." பிறகு மரியாதைக்காகக் கேட்டார். "யாரு இந்த ஜோடி? உங்க சொந்தமா?"

வள்ளிக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற படம். தலைவரின் கை மாலையைத் தொடவில்லை. மாலைக்கு மேலே, சும்மா நின்றது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எங்கிருந்தோ, பவுடர் வாசனையோடு.

*நடுவுல ஒரு ஆள் இடம் விட்டு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளும்மா. தலைவர் கொஞ்சம் வாட்டசாட்டமான ஆளு, இடிக்கும்.*

மாநாடு முடிந்து ரொம்ப நாள் கழித்து. தலைவர் கையால்தான் நடந்தது என்பதற்கு அடையாளம் கொண்டு வந்தால்தான் முசிறி வாசப்படி மிதிக்கலாம் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதே புடவையைக் கட்டிக்கொண்டு, மலைக்கோட்டைப் பக்கம் மாலை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மாலை வாடாமலிருக்க ஸ்டுடியோக்காரர் தண்ணீர் தெளித்தார். சில்லென்று கழுத்தில் பட்டது. "எந்த ஊரும்மா? முசிறியா? அப்ப வாழைப்பழம் கொண்டாரலையா?" என்று கேட்டார். சின்னையா சிரித்தார். அவளும் நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கும். எப்போது தெரியாமல் போனது? அப்பாவிடம் முதல் தடவை சொன்னபோதா? செல்விக்குச் சொன்னபோதா? பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளாவது நெஞ்சு அடித்துக்கொண்டதா? அதுகூட நினைவில்லை.

"அண்ணே" என்றாள் சகாயநாதனிடம். "அப்ப எங்க கல்யாணத்தை யாரு நடத்தி வச்சது?"

"மாவட்டம் நடத்தியிருப்பாரு அண்ணி. விடியக்காலையில... நடக்காம எப்படி? நாங்கல்லாம் இருந்தோமே..."

இரண்டு பேரும் எழுந்து கிளம்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டத் தெரியாமல் அழகிரி கொஞ்ச நேரம் நின்றார். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தபடியே விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் முழுக்க வள்ளிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு மாநாட்டைத் தேடினாள். ஸ்டுடியோவில் நடந்ததையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு முகம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. யார் மாலை கொடுத்தார், என்ன உறுதிமொழி சொன்னாள், சொன்னாளா? அவள் கல்யாணத்தில் அவள் இருந்ததற்கு அவளிடமே ஒன்றும் இல்லை.

அங்கே உண்மையாக இருந்தவர் ஒருவர்தான். அவருக்கு அவளைத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் அவள் கதை சொல்லவில்லை. கேட்டாள்.

"பொண்ணு எங்கங்க இருக்கு?"

சின்னையாவுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. "மேடைக்குப் பின்னால, பொம்பளைங்க பக்கம். மத்தப் பொண்ணுங்கல்லாம் பேசிக்கிட்டு இருக்கு, இது மட்டும் தட்டி ஓரமா உக்காந்து அழுவுது."

"எதுக்கு அழுவுது?"

"பசிங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. கேக்கக் கூச்சம். நான் போய் வெளியில கடையில ஒரு பன்னு வாங்கியாந்து, தட்டிக்கு அடியில கையை விட்டுக் குடுத்தேன். யாரு கைன்னு தெரியாமயே வாங்கிக்கிச்சு." அவர் சிரித்தார். "அப்புறம் பாதியைப் பிச்சுத் திருப்பி நீட்டுச்சு. நீயும் சாப்பிடுன்னு. சரியான அழுமூஞ்சி. ஆனா நல்ல பொண்ணுங்க."

வள்ளிக்கண்ணு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். தட்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்ததா? பாதி பன்னை அவள் நீட்டினாளா? எவ்வளவு முயன்றும் அந்தக் கை வரவில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியும் இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தலைவர் கதையே போதுமென்று இருந்துவிட்டார்களோ என்னவோ.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன? இன்னும் வரலையே. வந்தாத்தானே அப்புறம்."

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலைவர் வரலைங்க. வர மாட்டாரு. வராமலே நமக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அந்தப் பொண்ணு நான்தாங்க. பன்னு வாங்கிக் குடுத்தீங்களே, அது எனக்குத்தான்."

சின்னையா கையை உருவிக்கொண்டார். முகம் இறுகிவிட்டது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"நல்லதில்லைம்மா இது. எங்கம்மா வயசு இருக்கும் உங்களுக்கு. இப்படிப் பேசலாமா? அந்தப் பொண்ணு காதுல விழுந்தா என்ன ஆகும்? வெளியில போங்க. யாராவது ஆம்பளை ஆளு இருந்தா வரச் சொல்லுங்க."

அன்று முழுக்க அவர் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். அப்பாவின் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. கார் வாசலில் நின்றது. ஆனால் சின்னையா கிளம்பவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்கயும் வரலை. தலைவர் வந்து பேர் கூப்பிட்டா யாரு போறது? பொண்ணு ஒத்தையில நிக்கணுமா?"

"அப்பா, டாக்டர்கிட்டப்பா. சும்மா போயிட்டு வந்துரலாம்."

"நீ யாரும்மா? உன் அப்பாவைப் போய்க் கூட்டு."

டிரைவர் தயங்கித் தயங்கித் தோளைத் தொட்டான். சின்னையா அவனை ஒரு தள்ளுத் தள்ளினார். இன்னொரு தரம் இழுத்தால் அவர் விழுவார் என்று தெரிந்தது. செல்வி சுவரில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.

வள்ளிக்கண்ணு சமையலறை வாசலில் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முன்னால் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று சொன்னாள்.

"தலைவர் வந்துட்டாருங்க."

சின்னையா நிமிர்ந்தார்.

"நேரா மேடைக்குப் போயிட்டாரு. உங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லிக் கார் அனுப்பியிருக்காரு. சீக்கிரம் வாங்க, பேர் கூப்பிடப் போறாங்க."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" அவர் எழுந்துவிட்டார். தலையைத் தடவிக்கொண்டார். சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்த்தார். "பொண்ணு?"

"அங்கதான் இருக்கு. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு."

"சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுங்க."

அவர் தானே நடந்து வாசலைத் தாண்டினார். கார் கதவை டிரைவர் திறந்து பிடித்தபோது, பெரிய மனுஷத்தனமாக ஒரு கும்பிடு போட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கச் சொல்லி வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டார். நேற்றைய கோபம் எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

"நீங்க மகளிர் அணியாம்மா?"

"ஆமாங்க."

"இவ்வளவு நேரம் நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. டீயெல்லாம் குடுத்தீங்க. உங்க வீட்டுக்காரரும் கட்சியில இருக்காரா?"

"இருந்தாருங்க."

"அவரையும் மேடைக்கு வரச்சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க." காரைக் கிளப்பச் சொல்லி டிரைவரின் தோளைத் தட்டினார். "நீங்க வரலையா?"

"இடம் பத்தாதுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. "நீங்க போங்க."